ஆன்டுராஜ்: சுற்றமா, பரிவாரமா?

மொழிபெயர்ப்பு பழகும் ஒரு தம்பி கேட்ட கேள்விக்கு இந்தப் பதில். அவர் கேட்டது இதுதான்: "'ஆன்டுராஜ்' என்ற பிரெஞ்சுச் சொல்லை ஆங்கிலச் செய்திகளில் அடிக்கடி பார்க்கிறேன். அகராதி 'பரிவாரம்' என்கிறது. அதையே எழுதினால் சில இடங்களில் பொருந்துகிறது, சில இடங்களில் உறுத்துகிறது. ஏன்?" கூடவே தான் மொழிபெயர்த்த இரண்டு வாக்கியங்களையும் அனுப்பியிருந்தார். ஒன்று, 'பாடகர் 30 பரிவாரங்களுடன் ஹோட்டலுக்கு வந்தார்.' மற்றது, 'அதிபரின் பரிவாரம் இந்தச் செய்தியை மறுத்தது.'

தம்பி, உங்கள் காது சரியாகத்தான் சொல்கிறது. இரண்டு வாக்கியங்களும் உறுத்துகின்றன, ஆனால் இரண்டுக்கும் காரணம் வேறு வேறு. அதைச் சொல்ல நான் கொஞ்சம் சுற்றித்தான் வர வேண்டும். இந்தச் சொல்லின் பிறப்பே சுற்றுவதில்தான் இருக்கிறது.

பிரெஞ்சில் 'தூர்' என்றால் ஒரு சுற்று. நாம் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகிற 'டூர்' இதே சொல்தான். இதன் வேர் லத்தீன் வழியாகக் கிரேக்கம் வரை போகிறது. அங்கே அது மரத்தைச் சுழலவிட்டுக் கடையும் கருவியின் பெயர். கடைசல் பட்டறையில் கட்டில் கால் உருள்வதைப் பார்த்திருப்பீர்கள் இல்லையா, அந்தச் சுழற்சிதான் மூலப்பொருள். இந்தத் 'தூர்' முன்னால் 'ஆன்' என்ற முன்னொட்டு சேர்ந்து, 'சூழ்ந்திரு', 'சுற்றி நில்' என்ற பொருளில் 'ஆன்தூரே' என்ற வினைச்சொல் பிறந்தது. அதிலிருந்து வந்த பெயர்ச்சொல் ஆன்டுராஜ். நேராகச் சொன்னால், 'சூழ்ந்திருப்பது'.

சூழ்ந்திருப்பது என்றுதான் சொன்னேன், சூழ்ந்திருப்பவர்கள் என்று சொல்லவில்லை. இந்தச் சொல்லுக்குள் ஆட்கள் மட்டும்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பிரெஞ்சு நகைக்கடைகளில் இன்றைக்கும் 'ஆன்டுராஜ் மோதிரம்' என்று ஒரு வகை உண்டு. நடுவில் ஒரு பெரிய கல், அதைச் சுற்றி நெருக்கமாகச் சின்னக் கற்கள். நம் வீட்டில் இதற்கு ஒப்பு வேண்டுமென்றால் ஏழுகல் வைரத் தோட்டை எடுத்துப் பாருங்கள். நடுவில் ஒன்று, சுற்றிலும் ஆறு. அந்த ஆறு கற்களில் ஒன்று விழுந்துவிட்டால் பாட்டிமார்கள் தோட்டையே கழற்றி வைத்துவிடுவார்கள், மறுபடி கல் பதிக்கும் வரை போட மாட்டார்கள். நடுக்கல் பத்திரமாக இருந்தாலும் சுற்றுக் கல் போனால் அது தோடு இல்லை என்பது அவர்கள் கணக்கு. இந்தச் சொல்லைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல படம் எனக்குக் கிடைத்ததில்லை. கட்டடக் கலைஞர்களும் இதைப் பயன்படுத்துகிறார்கள். வரைபடத்தில் கட்டடத்தைச் சுற்றி மரம், நடந்து போகும் ஆள், நிற்கும் கார் எல்லாம் வரைந்து காட்டுவார்களே, அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரும் ஆன்டுராஜ்தான்.

சரி, பரிவாரத்துக்கு வருவோம். அகராதிக்காரர்கள் சும்மா அந்தச் சொல்லைப் போடவில்லை. சமஸ்கிருதத்தில் 'பரி' என்றால் சுற்றிலும். 'வாரம்' என்ற பகுதி, மூடுதல், சூழ்தல் என்ற பொருளுள்ள வேரிலிருந்து வருகிறது. ஆக, பரிவாரம் என்றாலும் 'சூழ்ந்திருப்பது' என்றுதான் அர்த்தம். பாரிஸும் காசியும் கலந்து பேசாமலே ஒரே படத்தை வரைந்திருக்கின்றன. இந்த அர்த்தத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் புதுக்கோட்டை பக்கம் நார்த்தாமலைக்குப் போங்கள். பாறைச் சரிவின் மேல் விஜயாலய சோழீச்சரம் நிற்கும். 9ஆம் நூற்றாண்டுக் கோயில். நடுவில் பெரிய கோயில், அதைச் சுற்றி அதைப் பார்த்தபடி சின்னச் சின்னக் கோயில்கள். மொத்தம் எட்டு இருந்தன, இப்போது மிஞ்சியிருப்பவை ஆறு. இவற்றுக்குப் பெயரே பரிவாரக் கோயில்கள். முற்காலச் சோழர் கோயில்களில் சூரியன், சந்திரன், பிள்ளையார், முருகன், சப்தமாதர், சேட்டை என்ற மூதேவி, சண்டேசர், நந்தி என்று எட்டுப் பரிவாரங்களை வைப்பது வழக்கம். அங்கே நின்று பார்த்தால் பரிவாரம் என்பது பின்னால் நடந்து வரும் கூட்டம் இல்லை, ஒரு நடுவைச் சுற்றி இடம் பிடித்து நிற்கும் வட்டம் என்று உடனே புரியும்.

தமிழிலேயே இன்னொரு சொல் இருக்கிறது. சுற்றம். சுற்றி இருப்பவர் சுற்றம். இதைத் திருவள்ளுவர் கையாள்வதைப் பாருங்கள். 'சுற்றந்தழால்' அதிகாரத்தில் 524ஆம் குறள்: "சுற்றத்தால் சுற்றப் படஒழுகல் செல்வந்தான் பெற்றத்தால் பெற்ற பயன்." செல்வம் பெற்றதன் பயன், சுற்றத்தார் நம்மைச் சூழ்ந்திருக்கும்படி நடந்துகொள்வது. 'சுற்றத்தால் சுற்றப்படுதல்' என்று பெயரையும் வினையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வேரைக் காட்டிவிடுகிறார். 'டூர்' என்பதற்குச் 'சுற்றுலா' என்று சொல் செய்தவர்களும் இதே வேரைத்தான் தொட்டார்கள். ஆன்டுராஜுக்கும் டூருக்கும் உள்ள உறவு, தமிழில் சுற்றத்துக்கும் சுற்றுலாவுக்கும் அப்படியே இருக்கிறது. முதல் முறை இது மண்டையில் உறைத்தபோது அன்று முழுக்க வேறு வேலை ஓடவில்லை எனக்கு.

இப்போது உங்கள் கேள்வியின் நடுப்பகுதி. ஒரே படம்தான் என்றால் ஏன் உறுத்துகிறது? பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் இந்தச் சொல் ஒரே வகை ஆட்களைக் குறிப்பதில்லை, அதுதான் காரணம்.

பிரெஞ்சில் எல்லாருக்கும் ஆன்டுராஜ் உண்டு. தபால்காரருக்கு உண்டு, பள்ளிக்கூடத்துப் பையனுக்கு உண்டு. வீட்டார், நெருங்கிய நண்பர்கள், தினம் பழகுகிறவர்கள், அவ்வளவுதான். 'உங்கள் ஆன்டுராஜில் யாருக்காவது சர்க்கரை நோய் இருக்கிறதா' என்ற கேள்வி பிரெஞ்சுக்காரருக்குத் துளியும் விசித்திரமாகப் படாது. 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலம் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டபோது முதலில் 'சுற்றுப்புறம்' என்ற பொருளில்தான் எடுத்தது. பிறகு ஆட்களைக் குறிக்கத் தொடங்கி, போகப் போகப் பெரிய மனிதர்களின் கூட்டத்துக்கே ஒதுங்கிவிட்டது. இன்றைய ஆங்கிலத்தில் தபால்காரருக்கு ஆன்டுராஜ் கிடையாது. நடிகருக்கு, பாடகருக்கு, குத்துச்சண்டை வீரருக்கு, அதிபருக்கு, இளவரசருக்கு உண்டு. மேனேஜர், மேக்கப் போடுபவர், பாதுகாவலர், டிரைவர், பை தூக்குபவர், கூடவே சாப்பிட்டுக் கூடவே சிரிக்கும் பழைய நண்பர்கள் என்று எல்லாரும் அதில் அடங்குவார்கள். சொல்லில் லேசான குறையும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'அவர் ஆன்டுராஜோடு வந்தார்' என்று ஓர் ஆங்கில நிருபர் எழுதினால், பாதிப் பேர் தேவையில்லாதவர்கள் என்ற தொனி பெரும்பாலும் கேட்கும்.

சுருக்கமாக என் தீர்ப்பு: பிரெஞ்சு ஆன்டுராஜ் நம்முடைய சுற்றம், ஆங்கில ஆன்டுராஜ் நம்முடைய பரிவாரம்.

இது அந்த இரண்டு மொழிகளுக்கு மட்டும் நடந்த கதை இல்லை. நம் பக்கத்திலேயே இன்னொரு ஜோடி இருக்கிறது. இந்தியில் 'பரிவார்' என்றால் குடும்பம். அம்மா, அப்பா, பிள்ளைகள். தமிழில் பரிவாரம் என்றால் அரசனோடு வரும் கூட்டம், தெய்வத்தைச் சூழ்ந்த தெய்வங்கள், படை. வேர் ஒன்று. ஒரு மொழி அதை வீட்டுக்குள் கொண்டுபோனது, இன்னொரு மொழி அரண்மனை வாசலில் நிறுத்தியது. 'சங் பரிவார்' என்று இந்தியில் சொல்லும்போது கேட்பவர் மனதில் 'குடும்பம்' என்று விழுகிறது. 'சங் பரிவாரங்கள்' என்று தமிழ்ப் பத்திரிகையில் வரும்போது 'படை, கூட்டம்' என்று விழுகிறது. சார்பு எதுவும் இல்லாமல் மொழியை மட்டும் பார்த்தாலே, ஒரே சொல் இரண்டு ஊரில் இரண்டு முகம் காட்டுவது தெரியும். மொழிபெயர்ப்பவர் கவனிக்க வேண்டிய இடம் இது.

நான் இதைக் கற்றுக்கொண்டது ஒரு தவறிலிருந்து. பல வருடங்களுக்கு முன் ஒரு மருத்துவக் கையேடு வந்தது. பிரெஞ்சில் எழுதியதை யாரோ ஆங்கிலமாக்கி, அந்த ஆங்கிலம் எங்களிடம் தமிழுக்கு வந்தது. நடுவில் இருந்தவர் 'ஆன்டுராஜ்' என்ற சொல்லை அப்படியே விட்டுவிட்டார். அகராதியைப் பார்த்து நான் எழுதினேன்: 'நோயாளியின் பரிவாரங்கள் கைகளைக் கழுவிய பிறகே உள்ளே வர வேண்டும்.' அச்சுக்குப் போகும் முன் பிழை பார்த்த அக்கா ஒருவர் அந்த வரியில் பென்சிலால் வட்டம் போட்டார். அவருடைய மாமியார் அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தார். இரவெல்லாம் வார்டில் பாய் விரித்துக் கிடந்துவிட்டு நேராக வேலைக்கு வந்திருந்தார். "நான் யாருக்கும் பரிவாரம் இல்லைங்க. நர்ஸம்மா வந்து 'பேஷண்ட் கூட யார் இருக்கீங்க'ன்னு கேட்டா எழுந்து நிக்கிறவ நான்" என்றார். அந்த இடத்தில் 'உடனிருப்பவர்கள்' என்று மாற்றினோம். நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் 'அட்டெண்டர்' என்றும் சொல்வார்கள், 'அட்டெண்டர் பாஸ்' என்று அட்டைகூடத் தருவார்கள். கையேட்டுத் தமிழுக்கு உடனிருப்பவர்தான் சரி. அந்த பென்சில் வட்டத்தை நான் மறக்கவே இல்லை.

ஆங்கிலப் பொருளை நெருங்கிப் பார்க்க எனக்கு எப்போதும் குத்துச்சண்டை வீரர் முகமது அலியின் கூட்டம்தான் நினைவுக்கு வரும். விளையாட்டு எழுத்தில் ஆன்டுராஜ் என்ற சொல் இவ்வளவு புழங்குகிறதென்றால் அவருக்கும் அதில் பங்கு உண்டு. 1974இல் ஜாயிர் நாட்டுக் கின்ஷாசாவில் ஜார்ஜ் ஃபோர்மனோடு மோதப் போனபோது அவரோடு பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டீ இருந்தார், மருத்துவர் ஃபெர்டி பச்சேகோ இருந்தார், மூலையில் நின்று கத்தி உற்சாகமூட்டும் டுரூ பண்டினி பிரவுன் இருந்தார். வண்ணத்துப்பூச்சியாக மிதந்து தேனீயாகக் கொட்டுவது பற்றிய அந்தப் புகழ்பெற்ற வரி பண்டினி கட்டியது என்பார்கள். இவர்களுக்கு அப்பால், என்ன வேலை என்று யாராலும் சொல்ல முடியாத பலரும் இருந்தார்கள். ஆன்டுராஜ் என்ற ஆங்கிலச் சொல் இந்த இரண்டு வகையையும் ஒரே பையில் போட்டுவிடுகிறது, வேலை செய்பவரையும் வெறுமனே இருப்பவரையும்.

1977 செப்டம்பரில் எர்னி ஷேவர்ஸோடு நடந்த சண்டைக்குப் பிறகு, அலியின் சிறுநீரகங்கள் பாதிக்கப்பட்டிருப்பதாகப் பரிசோதனை முடிவு வந்தது. பச்சேகோ அதை எடுத்துச்சொல்லி, சண்டையை நிறுத்தும்படி அலிக்கும் அவருக்கு நெருங்கியவர்களுக்கும் எழுதினார். பதில் வரவில்லை. மருத்துவர் அந்தக் கூட்டத்தை விட்டு விலகினார். அலி தொடர்ந்து மோதினார். 1984இல் அவருக்குப் பார்க்கின்சன் அறிகுறிகள் இருப்பது வெளியே தெரிந்தது. தோட்டின் சுற்றுக் கல்லைப் பற்றி மேலே சொன்னேன் இல்லையா, எனக்கு இந்த மருத்துவர் விலகியதுதான் அங்கே நினைவுக்கு வந்தது.

இதே விளையாட்டு உலகத்திலேயே சொல்லின் பிரெஞ்சு முகமும் இருக்கிறது. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 'வீரர்களின் ஆன்டுராஜ்' என்று எழுதும்போது அதில் குறையோ கேலியோ கிடையாது. பயிற்சியாளர், மருத்துவர், மேலாளர், வழக்கறிஞர், விளம்பரதாரர், பெற்றோர் உட்பட ஒரு வீரரின் விளையாட்டு வாழ்க்கையோடு சம்பந்தப்பட்ட எல்லாரும் அதில் அடங்குவர் என்பது அவர்களுடைய வரையறை. அந்தக் கமிட்டியின் அலுவல் மொழிகள் பிரெஞ்சும் ஆங்கிலமும், அதனால் இப்படி வருவதில் வியப்பில்லை. அங்கே 'பரிவாரம்' என்று எழுதினால் பொருள் கெட்டுவிடும். நான் 'வீரரைச் சார்ந்தோர்' என்றோ 'துணைநிற்போர்' என்றோ எழுதுவேன். பிலிப்பைன்ஸ் நாட்டு ஆங்கிலத்தில் இன்னும் வேறு மாதிரி. அங்கே கல்யாண அழைப்பிதழில் 'ஆன்டுராஜ்' என்று ஒரு பட்டியலே அச்சடிப்பார்கள். சாட்சி நிற்கும் பெரியவர்கள், மணப்பெண் தோழிகள், மோதிரம் ஏந்தி வரும் பையன், பூத்தூவும் சிறுமி எல்லாரும் அதில் வருவார்கள்.

இந்தச் சொல்லுக்குப் பங்காளிகளும் உண்டு. எல்லாமே பிரெஞ்சு வழி ஆங்கிலத்துக்கு வந்தவை. இவற்றை ஒன்றுக்கொன்று மாற்றிப் போடாதீர்கள். 'ரெட்டின்யூ' என்பது பிடித்து வைத்துக்கொள்ளுதல் என்ற வேரிலிருந்து வந்தது. சம்பளமோ சோறோ போட்டு ஒரு பிரபு தன்னிடம் வைத்திருக்கும் ஆட்கள். பழைய வாடை அடிக்கும் சொல், ராஜா கதைக்கு ஏற்றது. 'கோர்டேஜ்' இத்தாலியன் வழியாக வந்த அரசவைச் சொல், ஆனால் இன்றைய ஆங்கிலத்தில் பெரும்பாலும் இறுதி ஊர்வலம். ஓர் அமைச்சர் கோர்டேஜோடு வந்தார் என்று தெரியாமல் எழுதிவிட்டால் சங்கடம். 'எஸ்கார்ட்' காவலுக்கு வருவது.

'ஸ்வீட்' என்று ஒலிக்கும் சொல்லைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஹோட்டலில் பெரிய அறைத்தொகுதிக்குச் சொல்கிறோமே, அதே சொல்தான். அதன் பிரெஞ்சு மூலம் 'பின்தொடர்' என்ற வினை. ஒன்றையொன்று தொடரும் அறைகள் ஸ்வீட். ஒன்றையொன்று தொடரும் இசைத் துண்டுகளும் ஸ்வீட். அரசனைத் தொடர்ந்து வரும் அதிகாரிகளும் ஸ்வீட். பழைய ஆவணங்களில் 'இளவரசரும் அவரது ஸ்வீட்டும்' என்று வந்தால் அறை என்று நினைத்துவிடக் கூடாது. சோழர் கல்வெட்டுகளில் 'உடன்கூட்டத்து அதிகாரிகள்' என்று ஒரு தொடர் வரும். அரசனோடு கூடவே இருக்கும் அதிகாரிகள். ஸ்வீட்டுக்கு அதைவிடப் பொருத்தமான தமிழ் எனக்குத் தெரியாது. இவ்வளவு அழகான சொல்லை நாம் கல்லிலேயே விட்டுவிட்டது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

உச்சரிப்பையும் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் 'ஆன்' என்று தொடங்கும் முதல் அசையில் அழுத்தம் கொடுப்பார்கள். பிரெஞ்சில் அந்த 'ஆன்' மூக்கொலியாக மட்டும் நிற்கும், அடுத்தது 'தூ', அப்புறம் 'ராஜ்'. கடைசி ஒலி நம் ஜ் இல்லை, ஷ் இல்லை, இரண்டுக்கும் நடுவில் வருவது. ஆங்கிலேயர் 'டெலிவிஷன்' என்று சொல்லும்போது நடுவில் கேட்குமே, அந்த ஒலி. தமிழ் எழுத்தில் ஜ் போட்டால் போதும்.

இலக்கணத்தில் ஒரு விஷயம்தான் முக்கியம், அதில்தான் உங்கள் முதல் வாக்கியம் சறுக்குகிறது. ஆன்டுராஜ் ஒரு கூட்டத்தின் பெயர், ஓர் ஆளின் பெயர் இல்லை. '30 பேர் கொண்ட ஆன்டுராஜ்' என்பார்கள், '30 ஆன்டுராஜ்கள்' என்றால் முப்பது கூட்டங்கள். தமிழில் 'பரிவாரங்கள்' என்று பன்மையில் சொல்வது பழக்கம்தான், 'பரிவாரங்களோடு வந்தார்' என்றால் தப்பில்லை. ஆனால் முன்னால் எண் வந்ததும் அது கெட்டுப்போகிறது. தமிழுக்கு இதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. பெயர்ச்சொல்லைப் பிடித்துக்கொண்டு திணறாமல் வினையடையாக மாற்றிவிடுங்கள். 'புடைசூழ' என்ற சொல் எதற்கு இருக்கிறது? புடை என்றால் பக்கம். பக்கமெல்லாம் சூழ. பத்திரிகைக்காரர்கள் தினமும் 'தொண்டர்கள் புடைசூழ' என்று எழுதித் தேய்த்துவிட்டார்கள், ஆனாலும் ஆன்டுராஜ் என்ற சொல்லின் உள்ளே இருக்கும் வட்டம் அதில் அப்படியே இருக்கிறது. பேச்சுத் தொனி வேண்டுமென்றால் 'படை பட்டாளத்தோடு' இருக்கிறது. குறை தொனி தேவைப்படும் இடத்தில் 'அடிப்பொடிகள்', இன்னும் கீழே இறங்கினால் 'அல்லக்கைகள்'. இந்தக் கடைசி இரண்டையும் மூலத்தில் அந்த ஏளனம் இருந்தால் மட்டுமே எடுங்கள். உழைத்துச் சாப்பிடும் மேக்கப்காரரையும் டிரைவரையும் உங்கள் சொல்லால் அவமானப்படுத்திவிடக் கூடாது.

இரண்டாவது வாக்கியம் வேறு மாதிரிச் சிக்கல். பிரெஞ்சுப் பத்திரிகைகளில் 'அதிபரின் ஆன்டுராஜில் சொல்லப்படுவதாவது' என்பது ஒரு வழக்கமான நடை. பெயர் சொல்ல விரும்பாத ஆலோசகர் ஒருவர் நிருபரிடம் பேசியிருக்கிறார் என்று அர்த்தம். ஊர்வலமும் இல்லை, பின்னால் வரும் கார்களும் இல்லை. இங்கே பரிவாரம் என்றால் வாசகர் கண்ணில் பல்லக்கும் சாமரமும் தெரியும், செய்தி தெரியாது. நம் நிருபர்கள் இதற்கு என்ன எழுதுவார்கள்? 'நெருங்கிய வட்டாரங்கள்.' வட்டாரம் என்ற சொல்லிலேயே வட்டம் இருக்கிறது பாருங்கள், மூலத்தின் படம் கைநழுவவே இல்லை.

அதனால் முதல் வாக்கியத்தை 'பாடகர் 30 பேர் புடைசூழ ஹோட்டலுக்கு வந்திறங்கினார்' என்றும், இரண்டாவதை 'அதிபருக்கு நெருங்கிய வட்டாரங்கள் இந்தச் செய்தியை மறுத்தன' என்றும் திருத்திக்கொள்ளுங்கள்.